வெயில் தின்னும் பச்சையன்

புஸ்பலதா என்ற பெயரை ராக்காயி முதலில் கேட்டது தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில்தான். தொண்ணூற்றாறில், அந்தப் பெண் பொகவந்தலாவையிலிருந்து அக்கரப்பத்தனைத் தோட்டத்து அழகுமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதம். "புஸ்பலதாவுக்குப் பக்கத்து நெர எனக்குத்தான்" என்று, பறிக்கும் செடிவரிசைக்காகப் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். அதுவரை ராக்காயியின் பக்கத்து நிரைக்குத்தான் அந்த அடிபிடி. யார் யாருக்கு என்ன உறவு என்ற கதையெல்லாம் அவள் வாயில்தான் இருந்தது.

புஸ்பலதா சொன்னதோ சித்திரக்கதைப் புத்தகங்களில் படித்த வேற்றுக்கிரகத்துக் கதை. பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் ஒருவனுக்கு உடம்பெல்லாம் பச்சையாம், குடலே கிடையாதாம், வெயில்தான் சாப்பாடாம். பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ராக்காயிக்கு வயிறு எரிந்தது.

ஆடி மாதம், எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூட்டம். ராக்காயி குரலை உயர்த்தினாள்.

"ஏ புள்ள, ஒன் பச்சையன் இங்க வந்தா பட்டினியில செத்துருவானே! வெயில எங்க போய்த் தேடுவான்?"

நிரையே சிரித்தது. புஸ்பலதா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் காட்டினாள்.

"ஏன் அத்தே சாகுறான்? இந்தச் செடியுந்தான் பச்ச. மூட்டத்துக்குள்ளயே நின்னு துளுக்கலியா? செடிய வெட்டி விடுற மாதிரி அவனையும் அப்பப்ப கவ்வாத்து வெட்டி விட்டா, கையி காலு புதுசா வந்துரும்."

"தலைய வெட்டுனா?" என்று கேட்டுவிட்டு ராக்காயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தாள்.

மறுநாள் புஸ்பலதாவின் பக்கத்து நிரைக்கு ராக்காயியே முந்தினாள். வயிற்றெரிச்சல் மட்டும் தணியவில்லை.

புஸ்பலதா இப்போது வலப்பனையில் மகள் வீட்டில் இருக்கிறாள். பச்சையன் கதையை இங்கே சொல்வது ராக்காயிதான்.