சவரி அண்ணன் குரலுக்குப் போட்ட பூஸ்டர்

"ரீட்டா, நாளைக்கி இவர மதுரையில சேக்கணும். மறுநா ஆப்பரேசன். கொரல்வளையவே எடுத்துருவாங்களாம். அதுக்கு முன்னாடி இவரு கொரல எடுத்து வச்சுக் குடு."

அந்தோணியம்மாள் மதினி என் ஸ்டூடியோவுக்குள் வந்ததும் சொன்னது இதுதான்.

தங்கச்சிமடத்தில் பல வருடமாக ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மாதா கோவில் நவநாள் பாட்டு, ஆட்டோவில் போடுகிற விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா நாடகம் என்று எது வந்தாலும் எடுப்பேன். இரண்டு நாளில் இல்லாமல் போகப்போகிற ஒரு குரலை எடுத்துக் கொடு என்று அதுவரை யாரும் வந்ததில்லை.

மதினியின் கணவர் சவரிமுத்து அண்ணன் விசைப்படகு டிரைவர். கடலில் அவர் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்துப் படகில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து பல மாதமாகக் குரல் போயிருந்தது. இப்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மதினிக்குப் பின்னால் நின்றார். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

"நல்லா இருக்கியான்னு கேக்குறாரு" என்றார் மதினி.

அவர்களுடைய ஒரே மகள் பெனிட்டாவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாசமாக இருந்தாள். அவளுக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும்தான் இந்தப் பதிவு. மைக் முன்னால் உட்கார்ந்ததும் அண்ணன் மதினியை வெளியே இருக்கும்படி கைகாட்டினார். மகளிடம் தனியாகப் பேச ஆசைப்படுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஐஸ் கம்பெனிச் சுவர்

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். என் ஸ்டூடியோவுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில் ஒரே சுவர். கன்டென்சர் மைக் போட்டால் மூச்சு விடுவதுகூட விழும். அதோடு ஐஸ் கம்பெனி கம்ப்ரஸரின் உறுமலும் விழும். அண்ணனின் குரலைவிட உறுமல் பெரிதாக இருந்தது.

டைனமிக் மைக்கை எடுத்து அவர் உதட்டில் இடிக்காத குறையாக வைத்தேன். டைனமிக் மைக் தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. ஆனால் அது அனுப்புகிற சிக்னல் ரொம்பச் சின்னது. சாதாரணப் பேச்சுக்கே, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில், சத்தத்தைக் கூட்டும் கெய்ன் குமிழை நிறையத் திருக வேண்டும். இவருக்குக் கடைசி வரை திருகினேன். அப்படித் திருகும்போது இன்டர்ஃபேஸ் தன்னுடைய சொந்த இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஹெட்ஃபோன் முழுக்க இரைச்சல்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். மீட்டர் லேசாக ஆடியது. ஒரு சொல்கூடப் பிரியவில்லை.

"எனக்கு இப்ப ஒண்ணும் புரியலண்ணே. பின்னாடி கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் தெளிவாக்கணும்" என்றேன். சரி என்று தலையசைத்தார்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன். கிசுகிசுப்பும் இரைச்சலும் அந்த சாஃப்ட்வேருக்கு ஒன்றுதான். இரைச்சலை எடுக்கும்போது அவரையும் சேர்த்து எடுத்துவிட்டது. தண்ணீருக்குள் யாரோ குமிழி விடுவது போன்ற ஒரு சத்தம்தான் மிஞ்சியது. மதினியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே! இது யாரு ரீட்டா? இதையா எம்மவ கேக்கணும்?"

பஸ்ஸில் வந்த குழாய்

ராமநாதபுரத்தில் ரேடியோ நிகழ்ச்சிகள் எடுத்துக் கொடுக்கும் ஜாகிர் பாய்க்கு போன் போட்டேன்.

"ஃபுல்லாத் தெறந்தும் இரைச்சல்தான் வருது பாய்."

"கெய்ன இன்டர்ஃபேஸ்ல கெடந்து தேடாதம்மா. மைக்குக்குப் பக்கத்துலயே ஏத்திரணும். எங்கிட்ட ஒரு பூஸ்டர் சும்மாதான் கெடக்கு. பஸ்ஸுல குடுத்து விடுறேன், கண்டக்டர்ட்ட வாங்கிக்க."

மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் போய் வாங்கினேன். விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் கனெக்டர். மைக்குக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். இன்டர்ஃபேஸில் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிற ஃபேன்டம் பட்டனைப் போட்டால் அந்த மின்சாரத்தில் குழாய் வேலை செய்யும், மைக்குக்கு அது போகாது. சிக்னலை மைக் வாசலிலேயே பெரிதாக்கி அனுப்பிவிடுவதால் இன்டர்ஃபேஸ் கெய்னைப் பாதிக்குக் கீழே வைத்தால் போதும். இரைச்சல் அடங்கிவிடும்.

அண்ணன் திரும்ப வந்தார். மதினி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பூஸ்டரை மாட்டி, கதவைச் சாத்தி, "ஏதாச்சும் சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் எச்சில் விழுங்கியது கேட்டது. அதற்குப் பிறகு, "மாதாவே" என்று ஒரு ஆண்குரல் என் காதுக்குள் சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொரசொரப்பாக, கிழிந்து போய் இருந்தாலும் அது சவரி அண்ணனின் குரல். அத்தனை மாதமும் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன்.

"பெனிட்டா, தாயி. அய்யா பேசுறேன். நாளைக்கி நான் மதுரைக்குப் போகல. உங்கம்மாவுக்குத் தெரியாது. விடியிறதுக்குள்ள போட்டுல ஏறிருவேன். இருக்குற நாளு கடல்லயே போகட்டும். இதை நீ கேக்கயில அய்யா இருக்க மாட்டேன். வயித்துல இருக்குற பிள்ளைய நல்லாப் பாத்துக்க தாயி."

எனக்குப் பதிவை நிறுத்தத் தோன்றவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல் பேசி முடித்து, சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய நினைப்பில் எனக்கு இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே கேட்காதபடி சத்தத்தைக் குறைத்து நான் ஸ்பீக்கரைத் திறந்து அதைத் திருப்பிப் போட்டேன். முதல் வரியிலேயே அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தன் குரலையே பல மாதத்துக்குப் பிறகு கேட்கிறார். அதை நானும் கேட்டுவிட்டேன் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுபடி மைக்கிடம் குனிந்தார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

"கேட்டுட்டியா?"

"கேட்டேண்ணே."

"மதினிட்டச் சொல்லாத."

"ஆப்பரேசன் பண்ணுனாப் பொழச்சுக்கலாம்னு டாக்டரு சொன்னாருல்ல?"

"மூச்சு விடக் கழுத்துல ஓட்ட போட்டா தண்ணிகிட்டயே போகக் கூடாதாம் தங்கச்சி. கடலுக்கும் போகாம, வாயும் பேசாம, கரையில குத்தவச்சு நான் என்ன செய்யட்டும்?"

ஹெட்ஃபோனில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. அதை நான் மீறியதே இல்லை. அன்றைக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"மதினி, உள்ள வாங்க."

ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி பிளே பட்டனை அழுத்தினேன். குரல் தெளிவாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் மதினி சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. முடிகிற வரை கேட்டார். மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஆசுபத்திரிப் பையத் தூக்கிக்கிட்டு உங்களத் தேடி அலைஞ்சிருப்பேன். அப்பிடித்தான?"

மதினி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துப் படகு முதலாளிக்குப் போட்டார்.

"மொதலாளி, நாளைக்கி எம்புருசன் வந்தா போட்டுல ஏத்தாதீங்க. ஏத்துனீங்கன்னா பிள்ளத்தாச்சி மகளையும் கூட்டிக்கிட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன்."

மதினி போனை வைத்தார். மேசையில் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து ஏதோ சின்னதாகக் கேட்டது. மைக் திறந்தே இருந்தது. அண்ணன் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கு அது நேரடியாகக் கேட்கவில்லை, ஹெட்ஃபோன் வழியாகத்தான் கேட்டது. மதினி அதைக் கவனித்து, அப்படியே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மதினி எழுந்து மைக்கை அவர் பக்கம் தள்ளினார். "இப்பப் பேசுங்க. இருக்கப் போற மனுசன் மாதிரிப் பேசுங்க."

அண்ணன் பேசினார். முதலில் பெனிட்டாவுக்கு ஆசீர்வாதம். பேரனோ பேத்தியோ, அதற்கு ஒன்று. பிறகு மதினி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வீட்டில் தினமும் வேண்டிய பேச்சு. "அந்தோணி, டீ குடு." "யாரு அங்கன?" "பசிக்குது." கடைசியில் அவராகவே, "ஏலே, கயித்தப் போடுறா!" என்றார். சத்தம் அளவு மீறி மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. நான் அதை இரண்டாவது முறை எடுக்கவில்லை.

பூஸ்டர் மாட்டியதும் மகளுக்கு முதலில் பேசியதை அழிக்கச் சொன்னார் மதினி. கீபோர்டை நகர்த்திக் கொடுத்தேன். அண்ணனே பட்டனை அழுத்தினார்.

அவர்கள் போன பிறகு காலையில் பூஸ்டர் இல்லாமல் எடுத்த ஃபைலைத் திறந்தேன். என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரிந்த பின்னால் கேட்டபோது, அந்த மழை இரைச்சலுக்குள் எல்லாமே கேட்டது. விடியிறதுக்குள்ள போட்டுல ஏறிருவேன். மதினி மட்டும் காலையில், பரவாயில்லை, இதையே கொடு என்று சொல்லியிருந்தால் நான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருப்பேன். அண்ணனும் விடியுமுன் கடலுக்குப் போயிருப்பார். அன்று ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போக முடியாமல் கோவிலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆப்பரேசன் முடிந்து பிழைத்துக்கொண்ட சவரி அண்ணன் இப்போது அதே முதலாளியிடம் கரையில் படகுகளைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். படகு கட்டுகிற இடத்தில் "ஏலே, கயித்தப் போடுறா!" என்று ஒரு அதட்டல். வேலைக்குப் புதிதாக வந்த ஆள் பதறிப்போய்க் கயிற்றை எறிந்துவிட்டு, சத்தம் போட்டது யார் என்று நாலு பக்கமும் பார்த்தான். அண்ணன் கையில் செல்போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தன. என்னைப் பார்த்ததும் போனில் எதையோ தேடி அழுத்தினார்.

"யாரு அங்கன?" என்று கேட்டது அவருடைய குரல்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வந்தவர்களே "இது போதும்" என்று சொன்னாலும் இரைச்சலான பதிவைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பூஸ்டர் மாட்டுங்கள், மைக்கை மாற்றுங்கள், மறுநாள் வரச் சொல்லுங்கள். அந்தப் பதிவுக்குள் பேசியவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று உங்கள் காதுக்குத் தெரிந்த பிறகு கொடுங்கள்.