வயரில்லாத துவக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு துவக்குகள் இருந்தன. இரண்டும் ஒரே ஆளிடம்.

ஒன்று அவருடையது. தோளில் தொங்கியது. மற்றது அரிசித் தூள் ஒட்டியபடி அவருடைய உள்ளங்கையில் கிடந்தது. அது என் மகளுடையது.

மகளுக்கு ஏழு வயது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன். எழுதினால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ... எழுதாவிட்டால் இந்தக் கிழமைப் பத்தியில் எதை எழுதுவது? புளியாணம் வைப்பது எப்படி என்றா? இந்த மனதோடு புளியாணத்தைப் பற்றி எழுதினாலும் உப்புக் கூடிவிடும்.

சரி. முதலில் இருந்தே சொல்கிறேன்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — மகள் ஹஸ்னாவின் வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் அவளும்தான். ஆண் துணைக்கு என்று என் தம்பி அஸ்மியைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயது. ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன், லீவில் வந்த ஒருவரிடம் இவர் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினார். பால்மா, பவுடர், கம்பளி. அடியில் ஒரு டீவி கேம். நூறு கேம் இருப்பதாக மேலே எழுதியிருந்த ஒரு கேசட் — எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான், மிச்சமெல்லாம் அந்த ஒன்பதே வேறு நிறத்தில்! கையில் பிடித்து விளையாட இரண்டு ரிமோட்.

அந்த ரிமோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இடப்பக்கம் சக (+) வடிவத்தில் ஒரு கறுப்புப் பொத்தான். வலப்பக்கம் சிவப்பில் இரண்டு. அவ்வளவுதான். ஆனால் பார்க்காமலே பெருவிரல் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தூசு துடைக்கிற சாட்டில் நான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு தரம் அல்ல.

காரணம் அந்தச் சிவப்பு.

எனக்குப் பதினொரு வயதில் வாப்பா குவைத்தில் இருந்து ஒரு சின்ன கேம் கொண்டுவந்தார். உள்ளங்கையளவு. டீவி தேவையில்லை, மணிக்கூட்டு பெற்றரி போதும். அதிலும் இரண்டே பொத்தான், இதே சிவப்பு. மரத்தில் இருந்து பழம் விழும், கீழே ஒரு மனிதன் கூடையோடு ஓடி ஏந்த வேண்டும். மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடிந்தது.

அதில் எனக்குப் பிடித்தது ஆட்டம் அல்ல. அதை அணைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மங்கலாக எல்லாமே ஒன்றாகத் தெரியும். பழம் விழக்கூடிய ஐந்து இடங்களும், அந்த மனிதன் நிற்கக்கூடிய ஐந்து இடங்களும் ஏற்கெனவே கண்ணாடிக்குள் வரைந்திருக்கும். ஆறாவது இடம் கிடையாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பழத்துக்குப் பயந்தார்கள். எனக்குப் பயமில்லை. எனக்கு ஐந்து இடமும் தெரியுமே.

இப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. எத்தனை இடம் என்று தெரியாது. அதுதான் பிரச்சினை.

பெட்டிக்குத் திரும்புவோம். ரிமோட்டுகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு துவக்கு இருந்தது. கறுப்பு. விசை, குழல், கைப்பிடியில் சொரசொரப்பு — எதிலும் குறை வைக்கவில்லை. கைப்பிடியின் அடியில் இருந்து நீளமான ஒரு வயர். அதை டீவி கேமில் செருகினால் திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடலாம்.

தூக்கிப் பார்த்தேன். பாரம்.

"உள்ளுக்கு இரும்புத் துண்டு ஒண்டு வெச்சிரிக்கான் ராத்தா" என்றான் அஸ்மி. ராத்தா என்றால் அக்கா. "வேற ஒண்டுக்குமில்ல, பாரத்துக்குத்தான்."

இதை வடிவமைத்த மனிதரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பிள்ளையின் கைக்கு அசல் போலப் பாரம் தெரிய வேண்டும் என்று ஒரு மேசையில் இருந்து நினைத்திருக்கிறார். அவருடைய ஊரில் துவக்கின் பாரம் எவருக்கும் தெரியாது போலும். அதனால் இரும்பு வைத்துக் காட்ட வேண்டியிருந்திருக்கிறது.

"பயப்படாதீங்க. இது சுடுறல்ல, பாக்குற" என்று அஸ்மி விளக்கினான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துவக்கின் வாய் பார்க்கும். பார்த்தால் வாத்து விழும். "துவக்கில்ல ராத்தா. கண்."

கண் என்றதும் கொஞ்சம் ஆறுதல். இரண்டு கிழமைக்கு.

பிறகு ஒரு பின்னேரம். அடுப்படியில் இருந்து வந்து பார்க்கிறேன் — ஹஸ்னா ஜன்னல் கம்பிகளுக்கிடையில் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளியே தெருவில் ஆமி ஜீப் ஒன்று மெதுவாகப் போகிறது. அவள் ஒரு கண்ணை மூடியிருந்தாள்.

எப்படி அவளை இழுத்தேன் என்று ஞாபகமில்லை. ஜீப் நிற்கவில்லை. திரும்பி வருமோ என்று மஃரிப் தொழுகை நேரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு கத்தரிக்கோலை எடுத்து வயரை அடியோடு வெட்டினேன். இனி அது வேலை செய்யாது. வேலை செய்யாததை யார் விளையாடுவது? இரண்டு நாளில் மறந்துவிடுவாள்.

கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

உடைத்து எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய வாப்பா அனுப்பிய சாமானைச் சுத்தியலால் உடைக்க மனம் வரவில்லை. குப்பையில் போட்டால்? குப்பையில் இருந்து யார் எடுப்பார்களோ. கடலில் போடலாம்... கடலுக்குப் போகும் வழியில் செக்பொயின்ட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். கிணறு? கிணற்றையும் பார்க்கிறார்களாம். அலுமாரி, மெத்தையின் அடி, கூரை — ஒவ்வொன்றாக மனதில் வைத்துப் பார்த்தேன். பழைய கேமைச் சாய்த்துப் பார்ப்பது போல எல்லா இடத்திலும் அந்தத் துவக்கு மங்கலாகத் தெரிந்தது.

கடைசியில் ஓர் இடம் அகப்பட்டது. வரிப்பத்தான்சேனையில் இருந்து மாமி அனுப்பியிருந்த அரிசி பீப்பா நிறைய இருந்தது. சாப்பிடும் அரிசிக்குள் யார் கைவிட்டுத் தேடப் போகிறார்கள்? இரண்டு ஷொப்பிங் பேக்கில் சுற்றி, முழங்கை ஆழத்தில் புதைத்தேன். அஸ்மியிடம் சொல்லவில்லை. தெரியாதிருப்பதே அவனுக்கு நல்லது என்று நினைத்தேன்.

இனிச் செவ்வாய்க்கிழமை.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். வீடு வீடாகச் சோதனை நடக்கிறது, எல்லோரும் வீட்டிலேயே இருங்கள், அடையாள அட்டையை எடுத்து வையுங்கள். எங்கள் தெருவுக்கு வர ஒன்பதரை மணியாயிற்று. அஸ்மியை அட்டையோடு கேற்றடியில் நிறுத்தினார்கள். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள், மூடினார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

பிறகு அடுப்படி. ஒருவரிடம் நீளமான கம்பி இருந்தது. பீப்பாவின் மூடியைத் திறந்து கம்பியை இறக்கினார்.

சர்ர்ர்... என்று இறங்கியது. இரண்டாம் முறையும் சர்ர்ர்... மூன்றாம் முறை — டக்.

ஹோலுக்குக் கொண்டுவந்து அரிசித் தூள் உதிர உறைகளைப் பிரித்தார்கள். கொஞ்சம் வயதான, தமிழ் கதைக்கக்கூடிய ஒருவர் வாசலில் இருந்து உள்ளே வந்தார்.

"இது என்ன?"

"விளையாட்டுச் சாமான், சேர்."

"விளையாட்டுச் சாமான் அரிசிக்குள்ளயா வைக்கிறது?"

அவர் துவக்கைக் கையில் போட்டு அசைத்துப் பார்த்தார்.

"பாரமா இருக்கு."

"உள்ளுக்கு இரும்பு, சேர்" என்றேன். ஏன் சொன்னேன்? இத்தனை வருஷம் படித்த வாய்க்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

"இரும்பு..." என்றார் அவர். வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். அஸ்மியை உள்ளே கொண்டுவந்தார்கள். அவன் அந்தத் துவக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

பத்தொன்பது வயதுப் பொடியன் இருக்கும் வீட்டில் அரிசிக்குள் துவக்கு கிடைத்தால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் நான் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

"இவன்டயா?"

"இல்ல சேர். புள்ளட. டீவி கேம் துவக்கு."

அவர் துவக்கைக் கவிழ்த்துக் கைப்பிடியின் அடியைப் பார்த்தார்.

"டீவி கேம் துவக்குக்கு வயர் இருக்கும். இதுக்கு வயர் எங்க?"

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. வயர் எங்கே? வெட்டி அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். அந்த நிமிஷம்தான் விளங்கியது. வயர் இருந்தவரைக்கும் அது விளையாட்டுச் சாமான். அசல் துவக்குக்கு எங்கே வயர் இருக்கிறது? நான்தான் வெட்டினேன். நான்தான் சுற்றினேன். நான்தான் புதைத்தேன். அந்த வடிவமைப்பாளர் அரைவாசியில் விட்ட வேலையை என் கையாலே முடித்து வைத்திருக்கிறேன்.

அஸ்மியின் தோளில் ஒரு கை விழுந்தது.

அப்போதுதான் ஹஸ்னா அறைக்குள் இருந்து வந்தாள். கையில் அவளுடைய பிஸ்கட் டின். திறந்தாள். தலைக்குக் கட்டும் ரிபனால் சுற்றி, அழகாக வளையம் போட்டு வைத்த ஒரு கறுப்பு வயர் உள்ளே இருந்தது. குப்பையில் இருந்து எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நேரே அவரிடம் போனாள்.

"உம்மாதான் வெட்டின. நான் பள்ளிக்கூடம் போன நேரம் பாத்து. எனக்குச் சொல்லவுமில்ல."

முறைப்பாடு. தன் துவக்கைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலும்.

அவர் குனிந்து வயரின் வெட்டிய முனையைத் துவக்கின் அடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நூல்கள். அங்கேயும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள். பொருந்தியது.

"ஏன் உம்மா வெட்டின?"

"நான் ஜன்னலால ஜீப்புக்குச் சுட்ட எண்டு."

ரப்பே. கேற்றடியில் யாரோ இருமுவது கேட்டது.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"பட்டதா?"

"இல்ல" என்றாள் ஹஸ்னா, மெய்யான கவலையோடு. "வயர் கழண்டிருந்திச்சி."

அவர் சிரித்தாரா என்று கேட்காதீர்கள். நான் அஸ்மியின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை எடுபட்டது. அவர் போய் எங்கள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளுக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் நடுவில் துவக்கை வைத்தார்.

"இங்க வைங்க. எல்லாருக்கும் தெரியிற மாதிரி. அரிசிக்குள்ள வேணாம்" என்றவர், வாசலில் நின்று ஒன்று சேர்த்தார்: "எல்லாரும் அரிசிக்குள்ளதான் வைக்கிறது."

அவர்கள் போன பிறகு சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினேன். அஸ்மி வந்து பக்கத்தில் குந்தினான்.

"ஆண் துணைக்கு எண்டு கூப்புட்டீங்க ராத்தா. நானும் நம்பி வந்த."

சிரித்தான். பிறகு எழும்பிப் போய், கேற்றுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

பின்னேரம் வயரை ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். வேலை செய்கிறது. ஹஸ்னா வாத்துச் சுடுகிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டியதும் பிழை, ஒட்டியதும் பிழையோ என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயரின் மற்ற முனை மெஷினில் செருகியிருக்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிறேன். இவருக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை. இந்தப் பத்திரிகை கட்டாருக்குப் போகாது என்ற தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பயந்து ஒளித்து வைத்தால் பொம்மையும் ஆயுதமாகிவிடும் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன? பயம் படித்துத் திருந்துகிற பிள்ளையா?

நேற்றுச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனேன். உள்ளே ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரியும். இருந்தும் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். கல் மட்டும்தான் அகப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.