வகுப்பு முழுக்க மொட்டை

நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், இந்த ஊர்க்காரி எவளும் செய்யக்கூடாத ஒரு முட்டாள்தனத்தை அந்த வாரத்தில்தான் செய்தேன்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசியே எனக்கு டீச்சர் தொண்டை வந்துவிட்டது. ஆனால் நைனாவுக்கு நான் டீச்சர் ஆவதில் துளியும் இஷ்டமில்லை. அரக்கோணத்தில் ஒரு கல்லூரியில் எனக்காக பி.காம். சீட்டு சொல்லி வைத்திருந்தார்.

"ரெண்டு வருஷம் படிச்சிட்டு, வேலைக்கு எத்தினி வருஷம் காத்துகினு இருப்ப? ஒரு மாசம் போய்ப் பாரு. சரிப்படலன்னா வாய மூடிக்கினு பி.காம்.ல சேரணும்" என்றார்.

அம்மா வேறு ரகம். நான் பயிற்சியை முடித்துவிட்டால் எனக்கு மொட்டை போடுவதாக மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. எனக்குக் காய்ச்சல் விட்டால் மொட்டை, மாமாவுக்கு வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை என்று சின்ன வயதில் என் தலை எங்கள் குடும்பத்துக்கே பொதுச் சொத்தாக இருந்தது.

பயிற்சி நிறுவனத்தில் எங்கள் விரிவுரையாளர் அம்மா சென்னைப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருபவர். ரொம்பக் கண்டிப்பு. பெயர் தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்த முடியாது என்பது அவருடைய கொள்கை. பள்ளிக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் வந்து பின்பெஞ்சில் உட்காருவார். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'டேய் தம்பி', 'நீ வாம்மா' என்றால் பள்ளியிலிருந்து திருப்பி அழைத்துக்கொள்வார். மறுபடி வகுப்பறையில் கால் வைக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நைனா கொடுத்த ஒரு மாதம் முடிந்துவிடும். அதாவது, பெயர் தெரியாவிட்டால் பி.காம்.

எனக்குக் கொடுத்தது ஓர் அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. என்னோடு வந்த மற்றப் பயிற்சி மாணவிகள் பிள்ளைகளின் பெயரை மனப்பாடம் செய்யத் திண்டாடியபோது நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன். எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. சுருட்டை முடி இவன், நெற்றியில் முடி விழுகிறவன் அவன், எண்ணெய் வழிய வகிடு எடுத்தவன் இன்னொருவன், சிவப்பு ரிப்பன் கட்டிய ரெட்டைச்சடை முதல் பெஞ்சுக்காரி. தலையைப் பார்த்தால் பெயர் தானாக வாயில் வந்துவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதோடு நிறுத்தவில்லை. தோழிகளுக்கும் வகுப்பெடுத்தேன்.

ரெட்டைச்சடைக்கு என்மேல் தனிப் பிரியம். மணி அடித்ததும் ஓடிவந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வருவாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பள்ளிக்கு விடுமுறை. மலையடிவாரத்தில் எங்கள் தெரு நெசவாளர்கள் வருஷா வருஷம் மோர்ப் பந்தல் போடுவார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு நானும் போய் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆந்திராவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் பூக்காவடியோடு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டை.

அப்போது ஒரு குட்டி மொட்டை கூட்டத்திலிருந்து நழுவி வந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. "மிஸ்" என்றது. எங்கள் ஊரில் சுடிதார் போட்டவள் எல்லாருமே பிள்ளைகளுக்கு மிஸ்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே காவடி தூக்கிக்கொண்டு போன ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார். நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன்.

நேரம் போயிற்று. மொட்டை போகவில்லை. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உன் பேரு இன்னா பாப்பா?" என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது. மறுபடி கேட்டேன். இன்னும் கூடச் சிரித்தது. பயத்தில் பெயரே மறந்துபோய்விட்டது போலிருக்கிறது, ஐயோ பாவம் என்று கையைப் பிடித்து போலீஸ் உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அது குதித்துக் குதித்து வந்தது.

மைக் வைத்திருந்த பெண் காவலரிடம் அடையாளம் சொன்னேன். மொட்டை அடித்திருக்கிறது, சந்தனம் பூசியிருக்கிறது, மஞ்சள் கவுன், ஏழு வயது இருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, வெளிய பாரு. இந்த அடையாளம் இல்லாத புள்ள எதுனா கீதான்னு சொல்லு."

இருந்தாலும் அறிவித்தார். தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்தார். அவ்வளவுதான், பிள்ளையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, எங்கள் பிள்ளை இல்லை என்று ஏமாற்றத்தோடு போனார்கள். ஒரு தாத்தா மட்டும் இந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அடம் பிடித்தார். அவர் பேரன் கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பெஞ்சிலிருந்தே கிடைத்தான்.

இதற்குள் காவலர் என்னிடம், "உனுக்குத் தெரிஞ்ச புள்ளயா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. யாரு புள்ளயோ, தெரியல" என்றேன்.

குழந்தையின் சிரிப்பு சட்டென்று நின்றது. அழவில்லை. காவலர் பெயர் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் ஒரு பொட்டலம் பொரி வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்த பொட்டுக்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உடைந்ததை ஒரு பக்கமும் முழுசை ஒரு பக்கமுமாகப் பெஞ்சில் வரிசை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது.

கடைசியில், முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த அந்தக் காவடிப் பெண் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது என் வகுப்புப் பிள்ளையின் பெயர்.

என் ரெட்டைச்சடை.

"டீச்சர் கையப் புட்சிகினு தான கீதுன்னு நானு நிம்மதியா மலைக்குப் போயிட்டேன். மைக்குல இன்னாடான்னா புள்ளயக் காணோம்ன்றாங்க. இன்னா டீச்சர், உங்க ஸ்டூடண்ட்ட நீங்களே கொணாந்து போலீசாண்ட குடுத்துகிறீங்க?"

பெண் காவலர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. சேலை இல்லாமல் சுடிதாரில் இருந்தும், அத்தனை கூட்டத்திலும் அவள் என்னைக் கண்டுபிடித்து வந்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். சுருட்டை இல்லை. வகிடு இல்லை. நெற்றியில் விழும் முடி இல்லை. நாலைந்து பேரைத் தவிர வகுப்பு முழுக்க மொட்டை. "குட் மார்னிங் மிஸ்" என்று சந்தன உருண்டைகளெல்லாம் எழுந்து நின்றன. எனக்குப் பின்னாலேயே ஒரு குரல் கேட்டது.

"என்னம்மா, இந்தப் பள்ளிக்கூடத்துல பேன் தொல்லையா?"

எங்கள் விரிவுரையாளர் அம்மா. நேராகப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைய பாடம் கழித்தல். எல்லாருக்கும் புளியங்கொட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். முடி இருந்த நாலைந்து பேரையே மாற்றி மாற்றிக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். அவர்களில் ஒருவன் கடைசியில் பொறுமை இழந்துவிட்டான். "மிஸ், எப்பப் பாத்தாலும் நானேவா? கை நோவுது மிஸ்" என்றான்.

"மத்த பிள்ளைங்களையும் கூப்பிடும்மா" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து ஒரு பெயரைத் துணிந்து சொன்னேன். வேறெங்கோ இருந்து ஒருவன் எழுந்து வந்தான். விடுமுறை முடிந்த சந்தோஷத்தில் எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பெயர் சொன்னேன். பையன் என்று நினைத்துக் கையைக் காட்டினால் எழுந்தது பெண். வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒரு மொட்டை என்மேல் இரக்கப்பட்டு, "மிஸ், எனக்கு சுருட்ட முடி இருந்திச்சே, அவன்தான் நானு" என்று தன் தலையைத் தடவிக் காட்டியது. அரக்கோணம் கல்லூரி வாசல் என் கண்ணுக்கு நேரே திறந்தது.

தோற்றுப்போய்க் குனிந்தபோதுதான் மூன்றாவது பெஞ்சின் ஓரம் கண்ணில் பட்டது. ஒரு மொட்டை யாரோடும் சேராமல், என்னை ஏறிட்டும் பார்க்காமல் புளியங்கொட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. உடைந்ததெல்லாம் ஒரு பக்கம், முழுசெல்லாம் ஒரு பக்கம்.

நான் அவள் பெயரைச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். "இப்ப மட்டும் தெரியுதா?" என்றாள்.

பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அவள் பெஞ்சருகே போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"நேத்து எனுக்குத் தெரியலடா கண்ணு. நான் உன் சடையத்தான் பாத்து வெச்சிருந்தேன். உன்னப் பாக்கல. தப்பு என்னுது."

அவள் கையிலிருந்த புளியங்கொட்டையை முழுசுப் பக்கம் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப முடி மொளச்சா மறுபடியும் மறந்துடுவீங்களா மிஸ்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழுகிறாள் என்றதும் மொட்டைகளெல்லாம் பெஞ்சை விட்டு இறங்கி என்னைச் சுற்றிக்கொண்டன. தன்னைத் தெரிகிறதா என்று ஒருவன் விழுந்த பல்லைக் காட்டினான். ஒருவன் முழங்கால் தழும்பைக் காட்டினான். ஒருத்தி மூக்கு மச்சத்தைக் காட்டினாள். ஒவ்வொரு முகத்தையும் கையில் பிடித்துப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கற்றுக்கொண்டேன். கழித்தல் அன்றைக்கு நடக்கவே இல்லை.

மணி அடித்ததும் விரிவுரையாளர் அம்மா முன்னால் வந்தார். "பேரும் தெரியல, பாடமும் முடிக்கல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கும் இதே வகுப்புக்கு வா. கழித்தலை முடி. பேரு மறந்துச்சுன்னா அப்புறம் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததாகப் பக்கத்து வகுப்பிலிருந்த தோழி ஒருத்தி சொன்னாள். அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னாள்.

நைனாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஸ்டூடண்ட்ட போலீசாண்ட குடுத்த டீச்சர் ஊர்லயே நீ ஒருத்திதான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பி.காம். பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

இரண்டு வருடப் பயிற்சி முடிந்தது. அம்மா வேண்டுதலை மறக்கிற ரகமா? அந்த ஆடிக் கிருத்திகைக்கு எனக்கு மொட்டை போட்டு, சந்தனமும் பூசிவிட்டாள். வெட்கத்தில் துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கூட்டத்துக்குள் பதுங்கிப் பதுங்கி நடந்தேன். அடிவாரத்தில் யாரோ என் துப்பட்டாவை இழுத்தார்கள். துணி நழுவி மொட்டை வெளியே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். சிவப்பு ரிப்பன், ரெட்டைச்சடை. முன்னைவிட உயரமாகியிருந்தாள்.

"மிஸ்" என்றாள்.

"எப்பட்றி கண்டுபுட்ச?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "மூஞ்சி அதேதான கீது?" என்றாள்.

இப்போது நானும் ஒரு பள்ளியில் டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஒரு வகுப்புப் பிள்ளைகள் என் முன்னால் வந்து உட்காரும்போது, மொட்டைத் தலையோடு நின்ற என்னை அவள் பார்த்த மாதிரி அவர்களைப் பார்க்க இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.