விராலுக்கு வெளியே பெண் எடுத்தவர்

கலியாணமாகிக் கொல்லிமலைக்கு வந்த முதல் கோடையில் நான் ஆய்ந்த ஒரு விரால் மீன் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சாண்கூட இருக்காது. வயிற்றைக் கீறினால் உள்ளே மஞ்சளாக முட்டை. பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த நங்கை முறத்தை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "இத்தனூண்டுக்குள்ள சினையா?" என்றவர் அந்த முட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. குழந்தையில்லை என்று புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டதும், அந்த வீட்டில் வேலைக்காரியாக இருக்க மாட்டேன் என்று இந்த மலையில் தேவனூர் நாடு என்ற பகுதியிலிருந்த பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் ஊருக்குப் பொதுவாக ஒரு குட்டை இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். பெரியதெல்லாம் குழம்புச் சட்டிக்கு, சின்னது வளரட்டும் என்று மறுபடி தண்ணீருக்கு. வருஷத்துக்கு வருஷம் மீன் சிறுத்துக்கொண்டே வந்தது. மண் கெட்டுப்போச்சு என்றார்கள் சிலர், சாமிக் குற்றம் என்றார்கள் சிலர்.

நங்கை ஊர்க்கூட்டத்திலேயே எழுந்து கேட்டார்: "சாமை விதைக்கு நல்ல கதிராப் பாத்து எடுத்து வெக்கறோம். மீன்ல மட்டும் நல்லதைப் பூரா தின்னுட்டு, சூம்பிப் போனதை விதைக்கு உடறோம். பொறவு எப்புடிங்க பெருசாவும்?"

ஊர்க்கவுண்டர் சிரித்தார். "தனக்குப் பொறக்காதவ மீனுக்குப் பொறப்புப் பாக்கறாளாக்கும்!"

கூட்டமும் சிரித்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நங்கை குனியவில்லை. "ஆமாங்க, பாக்கறேன்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வயலோரம், ஓடைத் தண்ணீர் வந்து விழும் இடத்தில், நானும் அவருமாகக் குழி வெட்டிக் கரை கட்டினோம். குட்டையிலிருந்து ஒரே தாயின் செந்நிறக் குஞ்சுகளைக் கூடையால் அள்ளிவந்து விட்டார். எல்லாம் ஒரே நாளில் பிறந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். அப்போதுதான் வயதால் பெரியது எது, வளர்த்தியால் பெரியது எது என்று தெரியுமாம். பசித்தால் விரால் தன் இனத்தையே விழுங்கிவிடும் என்பதால் கறையானும் தவளைக்குஞ்சும் வேளை தவறாமல் போட்டோம். அடுத்த கோடையில், வளராமல் நின்றதை எல்லாம் நாங்கள் தின்றோம். முந்தி வளர்ந்த நான்கை மட்டும் விட்டுவைத்தார்.

அத்தோடு முடியவில்லை. "இதுங்க அத்தனையும் ஒரு வயித்துப் புள்ளைங்க அம்மணி. அண்ணன் தங்கச்சிக்குள்ள கட்டி வெக்கலாமா? வெளியதான் பொண்ணெடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் மலையிறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனார். எந்த ஏரி மீன் என்று விசாரித்து, உயிருள்ள விரால் மூன்றைத் தேர்ந்தெடுத்து, பானையில் போட்டு ஈரத்துணி கட்டித் தலைச்சுமையாகவே மலையேறி வந்தார். ஒன்று வழியிலேயே செத்துப்போயிருந்தது.

மறு மழைக்கு அந்தக் குழியில் ஒரு சோடி குஞ்சு பொரித்தது. தாயும் தகப்பனும் முழங்கை நீளத்துக்கு மேல். அந்தச் சமயம் பார்த்துக் காட்டிலாகா அதிகாரி ஒருவர் ஊரில் முகாம் போட்டார். அவர் மனம் கோணினால் மாடு மேய்க்கக் காட்டுக்குள் போக முடியாது. பெரிய விரால் தருவதாக ஊர்க்கவுண்டர் வாக்குக் கொடுத்து, அவரையே எங்கள் வயலுக்கு அழைத்து வந்துவிட்டார். நங்கை குழிக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டார்.

"ஊட்டுல ஆடு கட்டியிருக்குது, புடிச்சுக்கிட்டுப் போங்க. மீனைத் தொட உடமாட்டேன்."

"ஓடைத் தண்ணி சர்க்காருடையது. அதில் இருக்கிறதும் சர்க்காருடையதுதான்" என்றார் அதிகாரி.

"தண்ணி உங்களுதுன்னா அள்ளிக்கிட்டுப் போங்க. மீனு நான் தலையில சொமந்துட்டு வந்ததுங்க."

அதிகாரி காவலாட்களைப் பார்த்தார். அவர்கள் கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிய வடிய நங்கை அப்படியே நின்றார். கடைசியில் சேற்றில் நின்றார். அவர் காலடியிலேயே பெரிய மீன் அத்தனையும் பிடித்துப் போனார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னை அதட்டினார்.

"எந்திரி அம்மணி. பெத்தவங்களைத்தான் தின்னப் போறானுங்க. புள்ளைங்க நம்மகிட்ட இருக்குது பாரு."

சேற்றில் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தன குஞ்சுகள். வீட்டிலிருந்த பானை, சட்டி, குடம் எல்லாவற்றிலும் அள்ளிப் போட்டோம். நாலு நாள் குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் இல்லை. என் வீட்டுக்காரர் போய்க் கரையைக் கட்டிக் கொடுத்தார்.

மூன்று வருஷம் போனது. பொதுக்குட்டை மீன் இரண்டு வருஷத்தில் எட்டாத நீளத்தை எங்கள் குழியின் மீன் ஒரே வருஷத்தில் எட்டியது. குஞ்சு கேட்டு ஊர்க்கவுண்டரே வந்தார். கொடுக்காதீர்கள் என்று நான் நங்கைக்கு ஜாடை காட்டினேன்.

"தாரேனுங்க. ஆனா முந்தி வளர்றதைத் தொடக்கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல உங்க வாயால சொல்லோணும். எந்த அதிகாரி வந்தாலும் தொடக்கூடாது."

கவுண்டர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அன்று கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நங்கை இல்லை. பாவம், ஒரு பிள்ளைகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தாள் என்று யாராவது இன்றும் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. யாரும் பாவம் பார்க்கும்படி அவர் ஒருநாளும் நிற்கவில்லை, அந்தச் சேற்றில்கூட.