பிரெஞ்சுக்கார ஸ்டாப்பர்

நான் புட்பால்ல ஸ்டாப்பர், கோலிக்கு முன்னாடி நின்னு தடுக்கறவன். பதினோரு பேர்ல யாரும் போட்டோ எடுக்காத ஆள். கோல் போட்டவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. கோல் விழாம பாத்துக்கிட்டவனைப் பாத்து, "இன்னைக்கு உனக்கு வேலையே இல்லபோல"ம்பாங்க. ஆரம்பத்துல இதைக் கேட்டா எனக்குப் பொசுக்குனு கோவம் வரும். இப்பவும் வரும், பொய் சொல்லக்கூடாது. ஆனா ஆறு சீசன் அந்த எடத்துல நின்னு சோறு சாப்பிட்டவன் நான். அந்த எடம் எனக்குக் கெடைக்காமலே போயிருக்கும். கால்ல கோளாறு இல்ல, மூச்சுல கோளாறு இல்ல. எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு பத்திரமா வெச்சிருந்த என் பாஸ்போர்ட்டால வந்த வினை.

எங்க வீடு நெல்லித்தோப்புல. அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை பாண்டிச்சேரியில அப்படித்தான் சொல்லுவோம். ஊரு சட்டப்படி இந்தியாவோட சேந்தப்போ, வேணுங்கறவங்க பிரெஞ்சுக்காரங்களாவே இருந்துக்கலாம்னு ஆறு மாசம் டைம் குடுத்தாங்களாம். அப்போ கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தக் கையெழுத்தாலதான் அக்காவும் நானும் பொறக்கும்போதே பிரெஞ்சு.

எங்க மாதிரி வீடுங்கள்ல இது ஒண்ணும் அதிசயம் இல்ல. கல்யாணப் பேச்சு வந்தாதான் அதுக்கு மதிப்பு. "பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு"ன்னு அம்மா சொன்னா போதும், எதிர்ல உக்காந்திருக்கறவங்க நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்குவாங்க. என் பிரெஞ்சு லட்சணம் எனக்குத்தான் தெரியும். நன்றி சொல்ற மெர்சிக்கு மேல ஒரு வார்த்தை வராது.

பந்து கத்துக்கிட்டது குருசுக்குப்பம் மணல்ல. வலை காயப்போட்ட எடத்தை விட்டுட்டு மிச்சம் இருக்கற எடம்தான் எங்க கிரவுண்டு. அப்பறம் டவுன்ல ஒரு டீம், அப்பறம் சென்னை லீக். அப்பாவும் பட்டாளத்து டீம்ல பேக் ஆடினவர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி நேரா மைதானத்துக்கு வந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தையைத்தான் கத்துவாரு. "கவர்! கவர் எங்கடா?"

அது என்னன்னு சொல்லிடறேன். ஸ்டாப்பர் எப்பவும் ரெண்டு பேர். ஒருத்தன் பந்தைப் பறிக்க முன்னாடி பாய்ஞ்சா, அவன் விட்ட எடத்துல இன்னொருத்தன் பின்னாடி வந்து நிக்கணும். அவன் வாயைத் தொறந்து சொல்லணும்: "போ, நான் கவர்." அந்தக் கொரல் கேட்டுட்டா அப்பறம் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அரை செகண்டு போச்சு, அந்த அரை செகண்டுல பார்வர்டும் போயிட்டான்.

இரண்டாயிரத்துக்கு அப்பறம் ரெண்டு மூணு வருஷம் இருக்கும், சென்னையில என் ஆட்டத்தைப் பாத்த ஒரு கோச் என்னைக் கோவாவுக்குக் கூப்ட்டாரு. பெரிய கிளப், தேசிய லீக் ஆடற கிளப். பத்து நாள் டிரையல். பத்தாவது நாள் கோச் முதுகுல ஒரு தட்டு தட்டி, "ஆபீஸ்ல போய் பாரம் எழுதிக்குடு"ன்னாரு. எனக்குத் தரையில கால் பாவல.

பாரத்துல நேஷனாலிட்டின்னு ஒரு கட்டம். எங்க ஊருல சின்ன வயசுலேர்ந்து எழுதற மாதிரியே "பிரெஞ்சு"ன்னு எழுதினேன். கூடவே பாஸ்போர்ட்டையும் எடுத்து மேனேஜர் மேசைமேல வெச்சேன். ரேஷன் கார்டு நகல் குடுத்திட்டு நிக்கற பசங்க நடுவுல நான் பிரான்ஸ் பாஸ்போர்ட் வெக்கிறேனேன்னு உள்ளுக்குள்ள பெருமை வேற. மடையன்.

மேனேஜர் நல்லா தொப்பை போட்ட கோவாக்காரர். பாஸ்போர்ட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பாத்தாரு.

"நீ பாண்டிச்சேரிதானே?"

"ஆமா சார்."

"அப்போ இது?"

"அதுவும் நான்தான் சார்."

குலுங்கிக் குலுங்கி சிரிச்சாரு. ஆபீஸே சிரிச்சுது. அங்க நின்னுக்கிட்டிருந்த ஆப்பிரிக்கா பார்வர்டு என் தோள்ல கை போட்டு, "வா தம்பி, நீ எங்க வெளிநாட்டுக்காரங்க ரூம்தான்"ன்னான். அன்னைக்கு ஒட்டிக்கிச்சி 'பிரெஞ்சு'ங்கற பட்டப்பேரு.

அப்பறம் மேனேஜர் சிரிப்பை நிறுத்தினாரு. "இப்படி எழுதினா நீ வெளிநாட்டு ஆட்டக்காரன். அந்த எடம் கொஞ்சம்தான், நெரம்பிடுச்சி. நெரம்பலன்னாலும் அதுல எந்த கிளப்பாவது பாண்டிச்சேரி ஸ்டாப்பரைப் போடுவானா? சீசன் பாதியில மறுபடியும் பதிவு தொறக்கும், நாலு மாசம் இருக்கு. இந்தியன்னு பேப்பரோட வா, எடம் உனக்குத்தான். வரலன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்."

ரெண்டையும் வெச்சிக்க முடியாதான்னு ஊருக்கு வந்து ஒரு வக்கீல்கிட்ட கேட்டேன். இங்கயே பொறந்தவன், இந்தியனா இருக்க உனக்கு வழி இருக்கு, ஆனா அதை விட்டாதான் இது, ரெண்டு கையிலயும் வெச்சிக்கறது நடக்காதுன்னுட்டாரு.

அப்பாகிட்ட சொன்னப்போ அவர் கூடத்துல உக்காந்து இரும்புக் குண்டுங்களைத் துணியால தொடச்சிக்கிட்டிருந்தாரு. சாயங்காலமானா சொல்தாங்கள்லாம் சேந்து பெத்தாங் ஆடுவாங்க, குண்டை வீசி சின்ன கட்டைக்குக் கிட்ட கொண்டுபோற ஆட்டம். நான் சொல்லி முடிக்கறவரைக்கும் தொடச்சிக்கிட்டேதான் இருந்தாரு.

"இந்தியா டீம்ல கூப்ட்டாங்களா?"

"இல்லப்பா. கிளப்பு."

"கிளப்புக்காரன் நாளைக்கு உன் கால் ஒடஞ்சா தூக்கி வெளிய போடுவான். இந்தப் பாஸ்போர்ட் போடாது."

அவர் சொன்னது நெஜம். அதனாலதான் எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. "பிரெஞ்சுக்காரனா இருந்து இதுவரைக்கும் நான் என்னத்தைக் கிழிச்சேன்? மெர்சிக்கு மேல ஒரு வார்த்தை தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஆட்டம் ஒண்ணுதான். அதுக்குக் குறுக்க நிக்கறது இந்தப் பாஸ்போர்ட்டு!" அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஓடியாந்துட்டாங்க, அவ்வளவு சத்தம்.

அப்பா குண்டைக் கீழ வெச்சாரு. கத்தல. கத்தியிருந்தா தேவலாம். "விட்டுட்டுப் போ. ஆனா ஒண்ணு. நாளைக்கு உங்க அக்காவைப் பாக்கப் போவணும்னாலும் கான்சுலேட் வாசல்ல, ரோட்டுல, வெயில்ல நின்னு விசா கேப்ப. அன்னைக்கு என்கிட்ட வந்து நிக்காத."

அக்கா அப்பவே கல்யாணமாகி பாரீஸ் பக்கம் போயிட்டா. அது எனக்கு நறுக்குனு தெச்சுது.

மூணு வாரம் வீட்டுல பேச்சே இல்ல. சோத்துத் தட்டு சத்தம்தான். கடைசியில அம்மாதான் வாயைத் தொறந்தாங்க. மீன் கொழம்பு ஊத்திக்கிட்டே, யாரையும் பாக்காம சொன்னாங்க: "உங்க அப்பா வேணாம்னு காலைப் புடிச்சும்தானே அன்னைக்கு நீங்க போய் கையெழுத்துப் போட்டீங்க? உங்களுக்கு அப்போ இவன் வயசுதானே?"

அப்பா பாதி சாப்பாட்டுல கையைக் கழுவிட்டாரு.

மறுநாள் காலையில எழுந்து வந்தா மேசைமேல லிவ்ரே இருந்துச்சு. குடும்பத்துல யார் எப்ப பொறந்தாங்க, யாரை எப்ப கட்டினாங்கன்னு பதிஞ்ச பிரெஞ்சுப் புத்தகம். பீரோவுல பூட்டி வெச்சிருப்பாரு, நாங்க தொட்டா திட்டு விழும். ரப்பர் பேண்டு போட்டு, நான் உக்கார்ற எடத்துக்கு நேரா வெச்சிட்டு அவர் வெளிய போயிட்டாரு.

அதை எடுத்துக்கிட்டு முனிசிபாலிட்டிக்கு அலைஞ்சேன், கான்சுலேட்டுக்கு அலைஞ்சேன், பாஸ்போர்ட் ஆபீசுக்கு அலைஞ்சேன். பழைய பாஸ்போர்ட்டைக் குடுக்கற அன்னைக்கு கான்சுலேட் கவுண்டர்ல இருந்த அம்மா பிரெஞ்சுல என்னமோ நீளமா கேட்டாங்க. திருதிருன்னு முழிச்சேன். "நல்லா யோசிச்சியாப்பா?"ன்னு தமிழ்ல கேட்டாங்க. "யோசிச்சேன்"னேன். வெளிய வந்து பீச்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அழுதேன். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது, விட்டதுக்கா, கெடைக்கப்போறதுக்கா, வீட்டுல இருக்கற மனுஷனுக்கா.

பதிவு மூட ஆறு நாள் இருக்கும்போது கோவாவுக்குப் போய்ச் சேந்தேன். மேனேஜர் புது பாஸ்போர்ட்டை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "பரவால்லியே, பிரெஞ்சு இந்தியன் ஆயிட்டான்"னாரு.

அப்பறம் ஆட்டம்தான். நாலு சீசன் கோவா, ரெண்டு சீசன் கொல்கத்தா. கோவாவுல மழைக்காலத்துல கணுக்கால் வரைக்கும் சேறு. கொல்கத்தாவுல ஜெயிச்சா பூ, தோத்தா செருப்பு, ரெண்டுமே தலைக்கு நேரா வரும். மஞ்சள் கார்டு நெறைய வாங்கினேன், அதுல பாதி டேக்கிளுக்கு, பாதி என் வாய்க்கு. இந்தியா கேம்புக்கு ஒருதடவை கூப்ட்டாங்க. மூணாவது நாள் கணுக்கால் பெரண்டு திரும்பி வந்துட்டேன். வருத்தம் இருக்கு, இல்லாம இல்ல. ஆனா ஆசைப்பட்ட எடத்துல நின்னேன். ஆட்டத்துக்கு முன்னாடி சட்டையை மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருந்துச்சு.

அப்பா மட்டும் ஒரு மேட்சுக்கு வரல. ஒரு போன் பண்ணல. மேட்ச் முடிஞ்சி நான் வீட்டுக்குப் போன் போட்டா அம்மாதான் எடுப்பாங்க. "அப்பா பக்கத்துலதான் இருக்காரு"ம்பாங்க. ஒடனே டிவி சத்தம் ஏறும். என் கொரலைக் கேக்கக்கூடப் புடிக்கலன்னு நெனச்சிப்பேன். ரொம்ப வலிச்சுது. லீவுல ஊருக்கு வந்தா சாப்டியான்னு கேப்பாரு, அதோட சரி. ஜூலை பதினாலு, பிரான்ஸோட தேசிய நாளுக்கு, மெடல் குத்திக்கிட்டு ஊர்வலத்துக்குப் போவாரு. சின்ன வயசுல அவர் கையைப் புடிச்சிக்கிட்டு நானும் போவேன். இப்போ சட்டைக்கு இஸ்திரி போட்டு வெக்கறதோட என் வேலை முடிஞ்சிடும்.

கொல்கத்தாவுல ரெண்டாவது சீசன் முடிஞ்ச கையோட அக்கா போன் பண்ணினா. கொழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் நீதான், வந்தே ஆவணும்னா. சரின்னுட்டேன். போனை வெச்சப்பறம்தான் அப்பா அன்னைக்கு சொன்னது காதுல விழுந்துச்சு.

வீட்டுல யார்கிட்டயும் எந்த நாள்னு சொல்லாம பேப்பரை எடுத்துக்கிட்டு போனேன். கான்சுலேட்டுல பிரெஞ்சுக்காரங்க போற வழி வேற. விசாவுக்கு வந்தவங்க வெளிய, செவுத்தோரமா. அவர் சொன்ன மாதிரியே ரோடு, அவர் சொன்ன மாதிரியே வெயில். போன வாரம்தான் ரெண்டு பேருக்கு இல்லன்னுட்டாங்கன்னு முன்னாடி நின்னவர் வேற சொன்னாரு.

அரை மணி நேரம் ஆயிருக்கும். என் தலைமேல நெழல் விழுந்துச்சு. கறுப்புக் குடை. திரும்பினா அப்பா.

வாசல்ல இருந்த காவக்காரர் அவரைப் பாத்துட்டு எழுந்தாரு. "முசே, நீங்க எதுக்கு அங்க? இந்தப் பக்கம் உள்ள வாங்க."

அப்பா கையை மட்டும் ஆட்டினாரு. பின்னாடி இருந்த ஒரு ஆளு, "பெரியவரே, வரிசையோட கடைசி அங்க இருக்கு"ன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அப்பாவே சொன்னாரு: "நான் வரிசையில இல்லப்பா. இவனுக்குத் தொணைக்கு வந்தேன்."

ரெண்டு பேரும் ஒரே குடையில நின்னோம். வரிசை நாலடி நகந்தப்பறம் அவர் செவுத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "கொல்கத்தாவுல அந்தக் கடைசி மேட்சு. ரெண்டாவது கோல் உன் தப்புதான். கவர் இல்லாம எதுக்குடா அவ்வளவு முன்னாடி போன?"

"நீங்க பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் டிவியில பாத்தேன். மேட்ச் முடிஞ்சி அவனுங்க உன்னைப் பத்திப் பேசறதைக்கூட சத்தம் வெச்சிதான் கேட்டேன்."

அதுக்குள்ள உள்ளேருந்து என் நம்பரைக் கூப்ட்டாங்க. பேப்பருங்களை நெஞ்சோட புடிச்சிக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கிறேன், கால் நகரல. தேசிய லீக்ல எவனுக்கும் பயந்தது இல்ல, அந்தக் கதவைப் பாத்து அப்படி ஒரு பயம்.

அப்பா குடையை மடக்கினாரு.

"போ, நான் கவர்"னாரு.

நான் போனேன். திரும்பிப் பாக்கல.