சிவப்பு நூல் போட்ட தீவன மூட்டை

தையற்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊசி ஓடுவதற்கு முன்னால் வாய் ஓடிவிடும் என்பார் புருஷன். மருமகளுக்கு இரண்டாவது முறையும் மூன்றாம் மாதமே கரு கலைந்து, அவள் சுருண்டு படுத்திருந்தபோது, "கண்டதைத் தின்னா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லித் தொலைத்தாள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. இத்தனை நீள வாய்க்கு அந்த ஒரு சொல் வராமல் போனதுதான் கொடுமை.

மன்னிப்புக்குப் பதிலாக, ஒன்றரை வருஷம் கழித்துக் கொல்லையில் ஏழு கோழிகள் வந்தன. மருந்தில்லாத தீவனம், மருந்தில்லாத முட்டை, மருமகளுக்கு மட்டும். தீவனக் கடையில் ஒவ்வொரு மூட்டையிலும் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, இருப்பதிலேயே குறைவான சேர்மானம் உள்ளதாக எடுத்தாள்.

"அம்மா, முட்டைக் கோழிக்கு இது ஆகாது. சிப்பித்தூள் இல்லாட்டி ஓடு எங்கேர்ந்து வரும்?" என்றார் கடைக்காரர்.

"தூள், பொடியெல்லாம் கலப்படம். என்கிட்டயே கதை விடாதீங்க!"

மருமகள் மறுபடி உண்டாகியிருந்த நேரம் அது. முதலில் முட்டை ஓடில்லாமல் வெறும் தோலாக வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. மூன்று வாரம் கூடு காலி. பிறகு திடீரென்று கெட்டி ஓட்டோடு தினமும் நாலைந்து முட்டை. "பாத்தீங்களா, பழகிடுச்சு!" என்று மார்தட்டிக்கொண்டாள். புருஷன் தலையை மட்டும் ஆட்டினார். மூட்டை பிரிப்பதும் தீவனம் போடுவதும் அவர் வேலை.

நாலு மாதம் ஓடிப்போனது. ஒருநாள் காலையில் அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். கோழிகள் கத்திக் கத்தி உயிரை வாங்கின. தையற்காரம்மாவே புது மூட்டையைப் பிரிக்கப் போனாள். தீவன மூட்டைத் தையலை ஒரு முனையில் இழுத்தால் சர்ரென்று கழன்று வரும். இது கழலவில்லை. குனிந்து பார்த்தாள். கோணல்மாணலான கைத்தையல். நூல் அவளுடைய பெட்டியில் காணாமல் போன சிவப்பு நூல். உள்ளே கையை விட்டாள். விரலெல்லாம் வெள்ளைத் தூள்.

ஐயோ, அந்தப் பெண்ணுக்கு என்னத்தையெல்லாம் கொடுத்தேன்!

வாயில் பஞ்சோடு வந்த மனுஷன் மூட்டையைப் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டார்.

"முட்டை நின்னதும் நீ மருமக முகத்தையே பாக்கல. மெஷினை விட்டு எந்திரிக்கல. என்னால பாத்துக்கிட்டிருக்க முடியல. ஒவ்வொரு தடவையும் உன் தீவனத்தோட பழைய சாக்குல, சிப்பித்தூள் கலந்த சாதாத் தீவனத்தைப் போட்டுத் தச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா விடுவியா நீ?"

மருமகளிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஏதாவது ஆகிப்போனால்?

வழக்கம்போல் முட்டை எடுக்க வந்த மருமகளிடம், "சாப்பிடாதம்மா" என்று தொடங்கி, ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். மருமகள் முட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். கோபம் வரும், அழுகை வரும் என்று தையற்காரம்மா காத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து அத்தை?"

"நாலு மாசமா."

"அப்ப எனக்கு ரெண்டாம் மாசம்." மருமகள் மெல்லக் கணக்குப் போட்டாள். "மூணாம் மாசம் தாண்டினப்பவும் இந்தக் கலப்பட முட்டையைத்தானே சாப்பிட்டேன்?"

"ஆமா."

"அப்போ அந்த ரெண்டும்... நான் தின்னதால போகலயா அத்தை?"

தையற்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லம்மா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மன்னிச்சுடு."

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரே உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுகை வந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை. நான் ரெண்டு வருஷமா ஒவ்வொரு வாயும் பயந்து பயந்து சாப்பிட்டேனே."