எத்தனை பிள்ளை என்ற கேள்வி

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் உடனே சரி என்றேன். பூனாவின் ஔந்த் பகுதியில், எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். கோயம்புத்தூர்க்காரி. லிஃப்டில் நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு அவளாகவே அறிமுகமானாள். ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. தாய், மகள் இருவருக்கும் அறிவுத்திறன் சோதனை வைத்து, யார் எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று ஒப்பிடுகிறார்களாம். அதில் என்னையும் அம்மாவையும் சேரச் சொல்லிக் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"மார்க் அதிகமா வாங்கறவங்க கம்மியாப் பெத்துக்கறாங்கன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு இருக்குதுங்கக்கா. அது நெசமான்னு பாக்கறோம்."

சாகண் தொழிற்சாலையிலிருந்து களைத்து வந்த என் கணவரிடம் சொன்னேன். "அஞ்சு பெத்த உங்கம்மா மக்கு, ஒண்ணு பெத்த நீ புத்திசாலி. இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதைத்தான் அவர்களும் சொல்லப்போகிறார்களோ என்று அன்றே உறுத்த ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளைக் கேம்ப் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததும் வளர்ந்ததும் பூனாவில்தான். பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி. அந்தப் பெண் முதலில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டாள். பிறகு டேப்லெட்டை நீட்டினாள். கட்டம் கட்டமாக உருவங்கள், ஒன்று மட்டும் காலி. அங்கே எது பொருந்தும் என்று தொட வேண்டும். ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அம்மா முதல் இரண்டைக் கவனமாகப் பார்த்தார். அந்தப் பெண் போன் பேச வாசலுக்குப் போனதும், படத்தைப் பார்க்காமலே ஒரே மூலையைத் தட்டிக்கொண்டு போனார்.

அவள் விடைபெற்றுப் போனபின் கேட்டேன். "ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"எத்தன பிள்ளைன்னு மொதல்ல கேக்கா. பெறவு இந்தப் பக்வாஸ், உருப்படாத வெளாட்டு. ரெண்டையும் எதுக்குச் சேக்கா? என்ன எழுதணும்னு முடிவு பண்ணிட்டுல்லா வந்திருக்கா."

வீம்புக்குச் செய்தாரா, விடை தெரியாததை வீம்பால் மறைத்தாரா? அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. அவரையும் நான் சந்தேகித்தது எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை என் முறை. உருவங்கள் எனக்குச் சுலபமாக வந்தன. அந்தச் சுலபமே கூச்சமாக இருந்தது. கடைசியில் அவள் கேட்டாள்: "ஒண்ணோட நிறுத்துனது உங்க முடிவுதானுங்களே?"

"இல்ல. அப்புறம் ரெண்டு தடவ கலைஞ்சுபோச்சு."

அவள் விரல் திரைக்கு மேலேயே நின்றது. "ஸாரிக்கா. அதுக்கு இதுல இடமில்லைங்க. உசுரோட இருக்கற பிள்ளைங்க மட்டும்தான்."

ஆக, நான் அவர்கள் கணக்கில் புத்தியாக யோசித்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டவள். அம்மா யோசிக்கத் தெரியாமல் ஐந்து பெற்றவர். மருத்துவமனைக் கட்டிலில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எந்த மார்க்கிலும் வராது.

"எங்க ரெண்டு பேரையும் எடுத்துடும்மா" என்றேன். அவள் முகம் வாடியது. ஆனால் மறுக்கவில்லை.

சில வாரம் கழித்து லிஃப்டில் பார்த்தபோது அவளாகவே சொன்னாள். "எடுத்துட்டேனுங்கக்கா."

"காட்ட முடியுமா?"

"அதுல யாரு பேரும் இருக்காதுங்க. எப்படிக் காட்டறது?"

அவள் தளம் வந்தது, இறங்கிப் போனாள். கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பேரே இல்லாத கூட்டத்தில் எங்கள் இருவரை எப்படிக் கண்டுபிடித்து எடுத்தாள்? அதற்கு ஏதாவது வழி இருக்கலாம். நல்ல பெண்தான், பொய் சொல்பவளாகத் தெரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவளைக் கண்டால் சிரிக்கிறேனே தவிர, நின்று பேசுவதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நம்மள எடுத்துட்டாளாம்."

"நீ பாத்தியா?"

"இல்ல."

அம்மா எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.